யானைச் செருப்புக் கடை

ஊரிலுள்ள பெரிய கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாலு மாடி, எண்பத்தொரு படி. அவன் வீடு இரண்டாவது மாடியில். இதை மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் அவனே சொல்லிச் சிரித்துவிடுவான். அது அவன் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எழுத்து என்றால் எறும்புக் கூட்டம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நகர்ந்துவிடும். வாத்தியார் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டு வாசிக்கச் சொல்வார். அவன் முதல் வரியிலேயே திக்கி நிற்க, வகுப்பு கொல்லென்று சிரிக்கும், பிரம்பு கெண்டைக்காலில் இறங்கும். அவர் அவனுக்கு வைத்த பெயர் 'ரிப்பேர்'. ஒரு நாள் அவனுக்கு ஒரு யுக்தி தோன்றியது. வாசிக்க வராத இடத்தில் வாய்க்கு வந்ததை வேண்டுமென்றே சேர்த்து வாசித்தான். அன்றைக்கும் சிரித்தார்கள், அன்றைக்கும் அடி விழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவன் வரவழைத்த சிரிப்பு. அதுமுதல் அவன் வகுப்பின் கோமாளி. பிற்பாடு தொழிற்பயிற்சியில் சேர்ந்து, கம்பி, மோட்டார், கப்பி என்று கையால் தொடக்கூடிய விஷயங்களுக்கு வந்ததும் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தான். வாசிப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கம்பெனியில் வரும் சுற்றறிக்கையைக் கழிப்பறைக்குள் எடுத்துப் போய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு வருவான். அது யாருக்கும் தெரியாது. மனைவிக்குப் பாதி தெரியும்.

மகள் பிறந்தாள். ஒரு வயதில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி வீட்டையே வேலை வாங்கினாள். அதனால் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தான். கட்டடம் முழுக்க அந்தப் பெயர்தான் ஓடியது. ஐந்து வயதானதும் எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை என்றான் அவன்.

அதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வளர்க்கிறவர்களின் குழு ஒன்றைப் போனில் கண்டுபிடித்து, மாதம் ஒரு முறை பூங்காவில் அவர்கள் கூடும் இடத்துக்கும் போய்வந்திருந்தான். மனைவிக்குத் தயக்கம். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. எழுத்து தப்பினால் மருந்து தப்பிவிடும் என்கிற வேலை. படிக்க யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்டாள். பல் முளைக்கிற மாதிரி அதுவும் தானாக முளைக்கும், யாராவது உட்கார்ந்து பல்லை இழுத்தா விடுகிறார்கள் என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஒரு வருஷம் பார்ப்போம் என்றாள். ஒரு வருஷம் இரண்டு வருஷமானது.

சந்தோஷமான வருஷங்கள்தான், பொய் சொல்லக் கூடாது. அவனுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை, இரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் சாப்பாட்டு மேசை தலைகீழாகக் கப்பலாகும். சமையலறைத் தராசில் வீட்டிலுள்ள சாமான்கள் எல்லாம் எடை பார்க்கப்படும், அம்மாவின் ஒற்றைச் செருப்பு, அப்பாவின் தூக்கம் உட்பட. (தலையணையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். முந்நூற்றிருபது கிராம்.) இன்றைக்கு என்ன கிழமை என்று ஓட்டெடுப்பு நடக்கும்; மூன்று பேரில் இரண்டு பேர் ஞாயிறு என்றால் அன்றைக்கு ஞாயிறு. பால்கனியில் கப்பி மாட்டி, வாளி கட்டி, காய்கறி ஏற்ற ஒரு லிஃப்ட் செய்தான். வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இன்னொரு லிஃப்ட். மேனேஜர் அதில் ஆபரேட்டர். எந்த மாடி போகணும் என்று கேட்பாள். நிலா என்பான் அப்பா. நிலாவுக்கு இன்றைக்கு சர்வீஸ் இல்லை, நாலாவது மாடியில் இறங்கி நடந்து போங்கள் என்பாள். கூட்டல் கழித்தலெல்லாம் படிக்கட்டிலேயே வந்துவிட்டது. முப்பத்தெட்டாவது படியில் நின்றுகொண்டு, இன்னும் நாற்பத்துமூன்று என்று சட்டென்று சொல்லிவிடுவாள்.

எல்லா ஆட்டத்திலும் சிறந்தது சாயங்கால ஆட்டம். நாலு மணிக்குக் கடைத்தெருவில் கைகோத்து நடப்பார்கள். மேனேஜர் பலகைகளைக் காட்டுவாள், அப்பா படித்துச் சொல்வான்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முன்னால் நின்று, "இங்கே யானைக்குச் செருப்பு தைக்கப்படும். நாலு காலையும் சேர்த்துக் கொண்டு வரவும்" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு படிப்பான். சலவைக் கடையில் மேகம் வெளுத்துத் தருவார்கள். வங்கி வாசலில் கொட்டாவியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவாள். இது என்ன எழுத்து என்று எப்போதாவது கேட்டால், அது கொட்டாவி விடுகிற எழுத்து, பக்கத்தில் இருப்பது அதற்கு விசிறிவிடுகிற எழுத்து என்பான். பூங்காக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கை தட்டினார்கள். குழந்தைக்கு எழுத்து மேல் பயமே வராது என்றார் ஒருவர். அவனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

நடந்துகொண்டே ஒரு பலகையை உண்மையாகப் படிப்பது அவனுக்கு இன்னும் கஷ்டம் என்பதை அவன் அங்கே சொல்லவில்லை.

ஏழாவது வயதில் மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் மாறியது. அவன் முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவாள். சூட்டிகை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு நாள், மாற்ற வேண்டிய உதிரிபாகம் வந்து சேராததால், நண்பகலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி வெயிலில் வந்து படியேறினான். இரண்டாவது மாடியில் சாவியை எடுக்கும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"கையை நீட்டு."

அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம்.

மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். அவள் மகளுக்குப் பத்து வயது. காலை நேரப் பள்ளி, பன்னிரண்டரைக்கு வந்துவிடுவாள். மேனேஜருக்கு அவள் 'மாடி அக்கா'. அப்பா வரும்வரை மேனேஜர் அவளோடு விளையாடப் போவது வழக்கம். அம்மாவுக்கும் நிம்மதியாக டைப் அடிக்க ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அவன் சத்தமில்லாமல் நாலு படி ஏறிப் பார்த்தான். மாடி அக்கா யூனிஃபார்மைக் கழற்றாமல் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் மர ஸ்கேல். மூன்று படி கீழே முழங்காலை ஒட்டி வைத்து மேனேஜர். மடியில் நோட்டு. நீட்டிய உள்ளங்கையில் சிவப்பாக இரண்டு கோடு. அவள் அழவில்லை. கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

"மறுபடி படி" என்றாள் மாடி அக்கா.

"சரிங்க டீச்சர்" என்றாள் மேனேஜர்.

வீட்டுக்கே உத்தரவு போடுகிற குழந்தையின் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவள் படித்தாள். ஒரு பாடப்புத்தகத்தின் முழுப் பக்கத்தையும், ஆற்றைப் பற்றி ஏதோ, விரல் வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தாள். ஒரே ஓர் இடத்தில் தவறியது. நின்று, தானாகவே கையை நீட்டினாள்.

ஸ்கேல் இறங்குவதற்குள் அவன் பாய்ந்து பிடுங்கிவிட்டான். இரண்டாக முறித்துப் படியில் எறிந்தான். பத்து வயசுப் பிள்ளைக்குப் புத்தி எங்கே போச்சு, அவள் அம்மா வரட்டும், கேட்கிற விதத்தில் கேட்கிறேன் என்றெல்லாம் கத்தினான். அந்தப் பெண் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அவதான் அடிக்கச் சொன்னா, அங்கிள். நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அடிக்கலைன்னா விளையாட்டு ஆயிடும்னு சொன்னா."

அவன் மகள் பக்கம் திரும்பினான். அவள் நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கேட்டான்.

"அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனதுலேருந்து."

அவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. போன வருஷம் கீழே முற்றத்தில் விளையாடும்போது, நம் தெருவில் யானைக்குச் செருப்பு தைக்கிற கடை இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா செய்வது வேடிக்கை என்று தெரியும். ஆனாலும் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அந்தக் கடைக்காரர்தான் வேடிக்கையானவர் என்று நினைத்திருந்தாள். ஆறு வயது அறிவு அவ்வளவுதான் போகும். பிள்ளைகள் அவளைக் கடைக்கே கூட்டிப்போய், உள்ளே போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். யானைக்கு எவ்வளவு நாளில் தைத்துத் தருவீர்கள் என்று அவளும் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சிரித்தார். கண்ணாடி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் முற்றத்தில் அவள் மேனேஜர் இல்லை, யானைச் செருப்பு. சிரிக்காமல் நின்றது மாடி அக்கா ஒருத்திதான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா நீ அதையும் ஜோக் ஆக்கிடுவ."

மேனேஜர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி, கேலியே இல்லாமல் கேட்டாள்.

"அப்பா, உனக்கு நிஜமாப் படிக்க வராதா?"

கை எப்போது ஓங்கியது என்று அவனுக்குத் தெரியாது. சத்தம் கேட்டபிறகுதான் தெரிந்தது. இந்தக் குழந்தை மேல் எவன் கையும் படக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவனின் கை, அவள் கன்னத்தில் நாலு விரலும் பதிய விழுந்திருந்தது. அவள் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போதும் அழவில்லை. அடி வாங்கிப் பழகிய பிள்ளை மாதிரி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு மனைவி மேலே வந்தாள். ஹெட்ஃபோன் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்த ஸ்கேலைப் பார்த்தாள், மகளின் கன்னத்தைப் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஏழு வயதுக் குழந்தையின் கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின. அவன் பின்னாலேயே போனான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், இது உனக்குத் தெரியுமா என்றான்.

"தெரியும். எட்டு மாசமாத் தெரியும். அடிக்கிறது தெரியாது. படிக்கிறது தெரியும். நோட்டு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஈரத் துணியைக் கன்னத்தில் ஒற்றினாள். திரும்பாமலேயே பேசினாள்.

"எத்தனை தடவை வாயைத் திறந்தேன்? எழுத்துன்னு ஆரம்பிச்சா பல்லுன்னு சொல்லுவீங்க. பள்ளிக்கூடம்னா வாத்தியார் மாதிரி நடிச்சுக் காட்டுவீங்க. நானும் சிரிச்சுடுவேன், அவளும் சிரிச்சுடுவா, பேச்சு அங்கயே முடிஞ்சுடும். இந்த வீட்டுல உங்களுக்குச் சிரிப்பு வராத எதையும் யாரும் பேச முடியல."

அவன் பால்கனியில் போய் நின்றான். முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்ற கோபம். அது கொஞ்சம் ஆறிய பிறகுதான் கணக்கு உறைத்தது. எட்டு மாதம். எட்டு மாதமும் சாயங்காலம் தவறாமல் அவள் அவனோடு நடந்திருக்கிறாள். எல்லாப் பலகையையும் படிக்கத் தெரிந்துகொண்டே, இதில் என்ன எழுதியிருக்கிறது அப்பா என்று கேட்டிருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் முடிப்பதற்கு முன்பே சிரித்தது ஏன் என்று இப்போது புரிந்தது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம்.

நாலு மணிக்கு மேனேஜர் ஷூ மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கன்னத்தில் சிவப்பு இன்னும் வடியவில்லை. போகலாமா என்று கேட்டாள். அவனும் செருப்பை மாட்டிக்கொண்டான். இருவரும் இறங்கினார்கள். கடைத்தெருவில் புதிதாக மருந்துக்கடை ஒன்று திறந்திருந்தார்கள். அவள் அதைக் காட்டி, வழக்கமான குரலில், "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள். தனக்காகத்தான் கேட்கிறாள், தன்னைத் தேற்றத்தான் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

இந்த ஒரு தடவையாவது நிஜமாகப் படித்துவிட வேண்டும் என்று நினைத்தான். நிமிர்ந்து பார்த்தான். பெரிய எழுத்து வந்துவிட்டது. அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. அவன் வாய்விட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டினான். ஒரு சொல்லில் நின்றான். திரும்ப முதலிலிருந்து வந்தான். மறுபடி அதே இடத்தில் நின்றான். நெற்றி வேர்த்தது. மேனேஜர் அவனைத் திருத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து, "வாப்பா, போதும்" என்று மெதுவாக இழுத்தாள்.

பெஞ்சு மேல் நின்ற காலத்தில்கூட அவனுக்கு அப்படி வலித்ததில்லை.

அடுத்த மாதமே பள்ளியில் சேர்த்தார்கள். விண்ணப்பத்தை மனைவி நிரப்பினாள், அவன் கையெழுத்து மட்டும் போட்டான். அவளைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அதில் அவளுக்கு ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நர்ஸ் வீட்டோடு பேச்சு நின்றுபோனது. தன் பெண்ணை அவன் மிரட்டிய கதையை நர்ஸ் கட்டடம் முழுக்கச் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை. மாடி அக்காவைக் கீழே அனுப்புவதில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இரண்டு பெண்களும் தலை குனிந்து, ஆளுக்கொரு ஓரமாக ஏறி இறங்கினார்கள். மேனேஜருக்கு இருந்த ஒரே தோழியும் அப்படிப் போனாள். பூங்காக் குழுவிலிருந்து அவன் சொல்லாமல் விலகினான். இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு நாள் பள்ளி வாசலில் அவளை அழைத்துவரப் போனவன், கூட்டத்தில் அவள் தலை தெரிந்ததும் "மேனேஜர்" என்று கூப்பிட்டான். அவள் வேகமாக வந்து, சட்டையைப் பிடித்து அவனைக் குனிய வைத்து, இங்கே அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று காதோடு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். அவளுடைய ஆசிரியை அவனிடம் வந்து, ரொம்ப நல்ல பிள்ளை, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிறாள், வீட்டில் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். அவன் தலையாட்டிக்கொண்டான். வேடிக்கையாக ஏதாவது சொல்லலாமா என்று தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

கொஞ்ச நாளில் அவன் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். குழந்தை உள்ள ஆட்கள் யாரும் கேட்டு வாங்குகிற ஷிஃப்ட் இல்லை அது என்று சூப்பர்வைசர் சொல்லிப் பார்த்தார். இப்போது மகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் அவன் ஏதாவது ஒரு கட்டடத்தின் அடியில், கிரீஸ் வாடையில், கம்பிகளுக்கு நடுவே நிற்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று பேரும் வீட்டில் இருப்பார்கள். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் அவள் எழுந்து அம்மாவிடம் போவாள். அவன் அறைக்குள் வந்தால் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்காருவாள், விருந்தாளியைப் பார்த்த மாதிரி ஒரு புன்னகை செய்வாள்.

"ஏதாவது வேணுமாப்பா?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வருவான். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வருவான்.